மேற்கு பார்த்திருந்த நாற்பது நாள்

குற்றாலத்தில் சீசன் என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வைகாசி முடிந்து ஆனி பிறக்கும் சமயத்தில் கேரளத்தில் மழை வலுத்து, அந்தக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் புகுந்து, மலையின் தலையில் மேகம் இறங்கி, வெயிலும் தூறலும் மாறி மாறி வரத் தொடங்கினால், ஐந்தருவி வரைக்கும் சாலையின் இரண்டு ஓரங்களிலும் தென்னங்கீற்றும் தார்ப்பாயும் எழுந்துவிடும். துண்டு விற்பவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள், நேந்திரங்காய் சிப்ஸ் போடுபவர்கள், மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறு கட்டி வைப்பவர்கள், லாட்ஜுகளுக்கு ஆள் பிடிப்பவர்கள் என்று மூன்று மாதத்திற்கு மட்டும் ஒரு தனி ஊரே உண்டாகிறது. அந்த மூன்று மாதத்தில் கையில் சேரும் பணத்தை வைத்துத்தான் அவர்களில் பலர் மீதி ஒன்பது மாதத்தையும் ஓட்டுகிறார்கள். என் அப்பா அப்படி ஓட்டியவர். ஐந்தருவிச் சாலையில் சீசனுக்கு மட்டும் இட்லிக் கடை போடுவார். மற்ற மாதங்களில் கல்யாண வீடுகளுக்குச் சமையலுக்குப் போவார். ஆறாம் வகுப்பு படிக்கும் காலத்திலிருந்தே அந்தக் கடையில் நான் மாவு ஆட்டியிருக்கிறேன்.

நான் எழுத வந்தது குல்மார்க்கைப் பற்றி. காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில், ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் பனிச்சறுக்கு ஊர் அது. 2023 டிசம்பரிலிருந்து 2024 மார்ச் வரை, ஒரு குளிர்கால சீசன் முழுவதும், அங்கே ஒரு ஹோட்டலின் சமையலறையில் வேலை செய்தேன். அந்த ஊரையும் அந்த மனிதர்களையும் நான் புரிந்துகொண்டது குற்றாலத்தின் வழியாகத்தான் என்பதால், இங்கிருந்து தொடங்கினேன்.

2023 ஜூனில் பருவமழை கேரளத்துக்கே தாமதமாக வந்தது. ஆகஸ்டில் மழை மிகவும் குறைந்துபோனது. கடைக்கு ஏலம் எடுத்த பணம்கூடத் திரும்பாத நிலையில் அப்பா ஆவணி பிறக்கும் முன்பே அடுப்பை அணைத்தார். நான் அப்போது கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் தென்னிந்தியச் சமையல் பிரிவில் இருந்தேன். அங்கே எனக்கு மூத்தவராக இருந்த அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஒருவர், குல்மார்க்கில் இட்லி தோசைக்கு ஆள் கேட்கிறார்கள், நான்கு மாதம், தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே தருகிறார்கள், தானும் போகிறேன் என்றார். சம்பளம் நான் வாங்கிக்கொண்டிருந்ததைப் போல ஒன்றரை மடங்கு. அம்மா வேண்டாம் என்றாள். அப்பா மட்டும், "சீசன் வேலைதானலே, நமக்குத் தெரியாததா, போயிட்டு வா" என்றார்.

திருநெல்வேலியிலிருந்து ஜம்மு வழியாகக் கட்ராவுக்கு நேராக ஒரு ரயில் இருந்தது. நவம்பர் கடைசி வாரத்தில் அதில் ஏறி மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம். அதன் பிறகு ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு மலைச்சாலை. அங்கிருந்து தங்மர்க் என்ற அடிவார ஊர். அதற்கு மேல் பதின்மூன்று கிலோமீட்டர் தேவதாரு மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏற வேண்டும். பனி விழுந்துவிட்டால் தங்மர்க்கிலேயே வண்டிகளை நிறுத்திச் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டுவார்கள் என்று ஓட்டுநர் சொன்னார். நாங்கள் ஏறிய அன்று சங்கிலி தேவைப்படவில்லை. சாலை உலர்ந்து கிடந்தது.

குல்மார்க் என்றால் பூக்களின் புல்வெளி என்று பொருள். கிண்ணம் போல ஒரு பெரிய புல்வெளி, அதைச் சுற்றி ஹோட்டல்கள், நடுமேட்டில் 1902 இல் கட்டப்பட்ட ஒரு சிறிய மாதா கோவில், ஒரு பக்கம் முழுவதும் அபர்வத் மலை. அந்த மலையில் ஏற இரண்டு கட்டமாக ரோப் கார் உண்டு. கண்டோலா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு பெட்டியில் ஆறு பேர் உட்காரலாம். 1998 இல் தொடங்கிய முதல் கட்டம் கோங்தூரி வரைக்கும் போகிறது. 2005 இல் தொடங்கிய இரண்டாவது கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரைக்கும் ஏறிவிடுகிறது. சறுக்கத் தெரிந்தவர்கள் அந்த உச்சியிலிருந்து, யாரும் மிதிக்காத மாவு போன்ற பனியில் இறங்குவதற்காகவே உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். தெரியாதவர்கள் கீழே புல்வெளியில் கட்டைச் சறுக்குவண்டியில் உட்கார்ந்துகொண்டு, ஓர் ஆள் கயிறு கட்டி இழுக்க, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு வகையினருக்கும் காலையில் சாப்பாடு வேண்டும். அதற்குத்தான் நாங்கள்.

வேலையைப் பற்றிச் சொல்வதென்றால் மாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் ஊரில் சாயங்காலம் ஆட்டி வைத்த மாவு விடியற்காலையில் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். குல்மார்க்கில் முதல் நாள் ஆட்டிய மாவு மறுநாள் காலை வைத்தது வைத்தபடி, ஒரு குமிழிகூட இல்லாமல், தொட்டால் விரல் மரத்துப்போகும் குளிர்ச்சியில் கிடந்தது. அதில் ஊற்றிய இட்லி சுண்ணாம்புக் கட்டி போல வந்தது. தலைமைச் சமையல்காரர் ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் வைத்துவிட்டுப் போனார். அன்று இரவு அண்ணாச்சியும் நானும் வெந்நீர் விட்டு ஆட்டினோம், வெந்தயத்தைக் கூட்டினோம், பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி புகாரிக்குப் பக்கத்தில் வைத்தோம். புகாரி என்பது விறகு எரிக்கும் இரும்பு அடுப்பு. புகைபோக்கிக் குழாய் கூரை வழியாக வெளியே போகும். ஆனால் விறகு இரவு ஒரு மணிக்கு மேல் நிற்காது. விடியும்போது மாவு பாதியளவுதான் எழுந்திருந்தது.

வழி சொன்னவர் பாத்திரம் கழுவும் பிரிவில் இருந்த ஒரு காஷ்மீர் நண்பர். தங்மர்க்குக்குக் கீழே ஒரு கிராமத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்கள் எல்லோருமே பெரன் என்ற நீளமான கம்பளி அங்கிக்குள் காங்கிரி வைத்திருப்பார்கள். மண்சட்டியைச் சுற்றி மிலாறு போன்ற மெல்லிய குச்சிகளால் கூடை பின்னி, சட்டிக்குள் கரிக் கங்குகளைச் சாம்பல் மூடி வைத்த கைக்கணப்பு அது. சாம்பலைக் கிளறக் கிளறச் சூடு கூடும்; மூடினால் நாள் முழுவதும் தாங்கும். அவர் ஒரு பழைய மரப்பெட்டியைக் கொண்டு வந்தார். அதன் அடியில் தன் காங்கிரியைச் சாம்பல் நன்றாக மூடி வைத்து, மேலே ஒரு கம்பித் தட்டைப் போட்டு, அதன்மேல் எங்கள் மாவுப் பாத்திரத்தை வைத்து, பெட்டியைக் கோணிச் சாக்கால் போர்த்தினார். கங்கு இருக்கும் அறையில் ஆள் படுக்கக் கூடாது, சன்னல் ஒரு விரல்கடை திறந்திருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லி, பெட்டியை அரிசி வைக்கும் அறைக்குத் தூக்கிப் போனார். மறுநாள் காலை நான்கு மணிக்கு நாங்கள் மூவரும் போய்ச் சாக்கை எடுத்தபோது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு விளிம்பில் வழிந்திருந்தது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் அண்ணாச்சி, "நம்ம வீட்டு வாடை வே" என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் அங்கேயே நின்றார். அதற்குப் பிறகு மார்ச் வரைக்கும் அந்தப் பெட்டி எங்களைக் கைவிடவில்லை.

மற்றவை எல்லாம் பழகிப்போனவை. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 91 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் குழையாது, எல்லாவற்றுக்கும் குக்கர்தான். கேஸ் சிலிண்டர் குளிரில் விறைத்துச் சுடர் சிறுத்துப்போகும்போது அதைச் சுற்றி வெந்நீர் வைக்க வேண்டும். குழாயை முழுதாக மூடினால் காலையில் தண்ணீர் வராது. இரவெல்லாம் நூல் போல ஒழுகவிட வேண்டும். நான் கொண்டுபோன தேங்காயெண்ணெய் போய்ச் சேர்ந்த நாளே வெள்ளைக் கல்லாகிவிட்டது. ஊர் திரும்பும் வரை அதைக் கரண்டிக் காம்பால் சுரண்டித்தான் தேய்த்தேன். துவைத்துப் போட்ட சட்டை கொடியில் அட்டை போல நின்றது. பின்கட்டில் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் ஏழு பேர் படுத்தோம்.

டிசம்பர் இரண்டாவது வாரம் முடிந்தும் பனி விழவில்லை. மேலே அபர்வத் முகட்டில் மட்டும் வெள்ளை தெரிந்தது. கீழே புல்வெளி காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. வானம் நீலமாக, ஒரு துண்டு மேகம் இல்லாமல் இருந்தது. அந்த நீலத்தின் அடியில் நான் நின்றுகொண்டிருந்தபோதுதான் எங்கள் சீமை வெள்ளத்தில் மூழ்கியது.

டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அன்றும் மறுநாளும் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் பெய்த மழையைப் பற்றி இதைப் படிக்கும் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு சந்திப்புப் பேருந்து நிலையத்துக்குள் ஓடியது; ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில்தான். பதினேழாம் தேதி இரவு எட்டு மணிக்கு, "தெருவுல முழங்கால் தண்ணி நிக்கி, மாடிக்குப் போறோம்" என்று பேசியவளின் தொலைபேசி அதன் பிறகு இரண்டு நாள் எடுக்கவில்லை. நான் தோசைக்கல்லின் முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு தோசைக்கும் நடுவில் அவளை அழைத்துக்கொண்டிருந்தேன். கல் காய்ந்து புகைந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்ற என்னை அந்தக் காஷ்மீர் நண்பர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப் போய் உட்கார வைத்தார். 2014 செப்டம்பரில் ஜீலம் நதி ஸ்ரீநகரை மூழ்கடித்தபோது தன் தம்பி ஒரு வீட்டின் மூன்றாம் மாடியில் நான்கு நாள் இருந்ததையும், தான் பட்டதையும் உடைந்த இந்தியில் மெதுவாகச் சொன்னார். உப்புப் போட்ட ரோஜா நிறத் தேநீர் ஒரு குவளை கொண்டு வந்து கையில் கொடுத்தார். இருபதாம் தேதி காலை அக்கா பேசினாள். வீட்டில் ஒரு பொருள் மிஞ்சவில்லை, ஆட்கள் எல்லோரும் இருக்கிறோம் என்றாள். நண்பருக்குத் தமிழ் தெரியாது; என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, இறைவனுக்கு நன்றி என்ற பொருளில் "ஷுக்ர்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

மறுநாள், டிசம்பர் 21, சில்லை கலான் தொடங்கியது. காஷ்மீரில் குளிர்காலத்தின் கடுமையான நாற்பது நாளுக்கு அந்தப் பெயர். அதற்குப் பிறகு இருபது நாள் சில்லை குர்து, அப்புறம் பத்து நாள் சில்லை பச்சா என்று குளிர் படிப்படியாகத் தணியும். அந்த முதல் நாற்பது நாளில் விழும் பனிதான் பனி என்று நண்பர் சொல்வார். அப்போது விழுவது இறுகி நின்று, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஊற்றுக்கும் ஓடைக்கும் வயலுக்கும் ஆப்பிள் தோட்டத்துக்கும் தண்ணீர் கொடுக்கும். பிந்தி விழுவது வந்த வேகத்தில் கரைந்து ஓடிவிடும். எங்கள் பக்கத்தில் சாரல் பிந்தினால் சிற்றாற்றுப் பாசனத்தில் கார் நடவு என்ன பாடு படும் என்பதை நான் அவருக்குச் சொன்னேன். பயணிகள் படமெடுக்கும் அருவியும் விவசாயியின் மடைக்கு வரும் தண்ணீரும் ஒன்றுதான் என்று நான் விளக்கத் தொடங்கியதுமே அவர் தலையசைத்துவிட்டார்.

சில்லை கலானின் முதல் வாரம் போனது, இரண்டாவது வாரம் போனது, ஜனவரியும் பிறந்தது. பனி இல்லை. புத்தாண்டுக்கு வந்தவர்கள் காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு முன்பதிவுகளை ஒவ்வொன்றாக ரத்து செய்தார்கள். சறுக்குவண்டி இழுக்கும் ஆட்கள், கண்டோலா நிலையத்துக்குப் போகும் சாலையோரத்தில், வண்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காங்கிரியைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பேச்சில்லாமல், மேற்கே பார்த்திருந்தார்கள். அவர்களுடைய பனி மேற்கிலிருந்து வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் தாண்டி இமயமலையில் வந்து மோத வேண்டும். எங்கள் சாரலும் மேற்கிலிருந்துதான் வருகிறது. சாரல் பிந்திய வருடங்களில் என் அப்பா கடை வாசலில் கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்து மலையைப் பார்ப்பார். முழங்கையைத் தொடையில் ஊன்றி, தாடையைக் கொஞ்சம் தூக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். அந்த இருப்பை நான் அந்தச் சாலையோரத்தில் வரிசையாக முப்பது பேரிடம் கண்டேன். சிறுவயதில், எழுந்து வேறு வேலையைப் பார்க்கலாமே என்று எனக்கு அப்பாவின் மேல் எரிச்சல் வந்ததுண்டு. வானத்தைப் பார்ப்பதும் அந்த வேலையில் ஒரு பாகம் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. எந்த நேரம் விழுந்தாலும் அடுத்த மணிநேரத்தில் கடை நடக்க வேண்டும். ஆகவே அகலவும் முடியாது, அடுப்பைப் பற்ற வைக்கவும் முடியாது.

ஹோட்டலில் ஆட்களைக் குறைத்தார்கள். பனி விழுந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லி எட்டுப் பேரைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். காஷ்மீர் நண்பரும் அவர்களில் ஒருவர். ஊருக்குப் போய்த் திரும்புவதற்கே ஒரு மாதச் சம்பளம் செலவாகும் என்பதால் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் எங்களை அழைத்துப் போன இடைத்தரகர் ஜனவரிச் சம்பளத்தைக் கொடுக்கவில்லை. சீசன் இல்லையென்றால் நான் எங்கே போவேன் என்றார். அந்தப் பணத்துக்காகப் பிப்ரவரி முழுவதும் அவரோடு போராட வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் எழுத்தாக எதையும் வாங்காமல் கிளம்பியது எங்கள் தவறு. சீசன் வேலைக்கு வெளியூர் போகும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால், பனி விழாத மாதத்துக்கும் சம்பளம் உண்டா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா தினமும் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார். சாப்பிட்டாயா என்று கேட்பது அம்மாவின் முறை. அவருக்கு ஒரே கேள்விதான். "ஏலே, பனி விழுந்திட்டா?" இல்லை என்பேன். "மேகமாவது கட்டுதா?" இல்லை என்பேன். "காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே நான் இரவில் கதவைத் திறந்து வெளியே போய் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். காஷ்மீரம் எங்கே இருக்கிறது என்று படத்தில்கூடப் பார்க்காத மனிதர், அந்த ஊரின் பனிக்காக உண்மையாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். ஜனவரி நடுவில், பனியும் மழையும் வேண்டிப் பள்ளிவாசல்களில் சிறப்புத் தொழுகை நடந்தது என்று சொன்னபோது, எங்கள் ஊரில் மழைக்காகக் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்த வருடங்களை எண்ணினார். "எல்லாரும் கேட்டாத்தான் அதுவும் எறங்கும்" என்றார்.

ஜனவரியின் கடைசி நாட்களில், சில்லை கலான் முடியப் போகும் தறுவாயில் விழுந்தது. எனக்கு விழிப்பு வந்தபோது மணி மூன்று. ஏன் விழித்தேன் என்று முதலில் புரியவில்லை. தகரக் கூரையில் காற்று இரவெல்லாம் தட்டிக்கொண்டிருக்கும், தேவதாரு மரங்கள் கடல் போல இரைந்துகொண்டிருக்கும், நாய்கள் குரைக்கும். அவை எதுவுமே கேட்கவில்லை. காதில் பஞ்சு அடைத்தது போல இருந்தது. கதவைத் தள்ளினேன், பாதிதான் திறந்தது. வெளியே விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தில், ஒவ்வொன்றும் தனித்தனியாக, அவசரமில்லாமல், நேர்கீழாக இறங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டினேன். உள்ளங்கையில் விழுந்தது ஒரு நொடி அதன் ஆறு முனைகளோடு நின்று, பிறகு தண்ணீரானது. அண்ணாச்சியை எழுப்பினேன். இருவரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வேலை தொடங்கும் நேரம் வரை அந்த வாசலிலேயே நின்றோம்.

நான்கரை மணிக்கு அப்பாவை அழைத்தேன். "விழுந்திட்டுப்பா" என்றேன். "எவ்வளவு?" என்றார். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே என்றேன். அவர் அந்தப் பக்கம் அம்மாவை எழுப்பிச் சொல்லும் சத்தம் கேட்டது.

அன்று மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் நடந்தே மேலே வந்துவிட்டார்கள். காஷ்மீர் நண்பர் தலையிலும் தாடியிலும் பனியோடு சமையலறைக்குள் நுழைந்து, யாரிடமும் எதுவும் பேசாமல், நேராகப் போய் மரப்பெட்டியைத் துடைத்துக் காங்கிரிக்குக் கங்கு எடுத்தார்.

பிப்ரவரி எப்படிப் போனது என்று கேட்டால் என்னால் நாள் வாரியாகச் சொல்ல முடியாது. காலை நான்கு மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் இரவு பதினொன்றுக்குத்தான் அணைப்போம். பனியில்லாததால் தள்ளிப்போடப்பட்டிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் 21 முதல் 25 வரை நடந்தன. ஊர் நிறைந்து வழிந்தது. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த குடும்பங்கள் இட்லியைக் கண்டதும் சமையலறைக் கதவருகே வந்து, எந்த ஊர் தம்பி என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஓர் ஆச்சி ரசம் கிடைக்குமா என்று கேட்டார். அதற்குப் பிறகு தினமும் இரவு ஒரு குண்டான் ரசம் வைத்தோம். சறுக்குவண்டி இழுப்பவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். நாற்பது நாளில் சம்பாதிக்க வேண்டியதை அவர்கள் இருபது நாளில் சம்பாதிக்க வேண்டியிருந்தது. பயணிகள் அவர்களிடம் கூலியைப் பேரம் பேசி இறக்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. எண்பது கிலோ மனிதரை மேட்டில் இழுத்துப் போவதற்கு என்ன மூச்சு வேண்டும் என்பதைச் சமவெளியிலிருந்து அன்று காலை வந்து இறங்கியவர்களுக்கு, பத்துப் படி ஏறினாலே தெரிந்துவிடும்.

பனியில் அழகு இருக்கும் அளவுக்கு ஆபத்தும் இருக்கிறது. கனமாக விழுந்த மறுநாள் இரண்டாவது கட்டக் கண்டோலாவை மூடிவிடுவார்கள். மீட்புக் காவலர்கள் மேலே போய், நிற்காத பனிச் சரிவுகளை வெடி வைத்து இறக்கிவிட்ட பிறகுதான் ஆட்களை விடுவார்கள். அதுவும் அவர்கள் குறித்த எல்லைக்குள் மட்டும். குற்றாலத்துப் பேரருவியில் பாதுகாப்பு ஆர்ச்சுக்கு மேல் தண்ணீர் விழுந்தால் போலீசார் விசில் ஊதிக் குளிக்கத் தடை போடுவதைப் போலத்தான். ஆனால் இங்கே தண்ணீர் பெருகுவதைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். அங்கே சரிவு பார்வைக்கு அமைதியாகவே இருக்கும். போட்டிகள் நடந்துகொண்டிருந்த 22 ஆம் தேதி, எல்லைக்கு வெளியே பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டுச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்துபோனார். அன்று இரவு உணவுக்கூடத்தில் யாரும் குரலெழுப்பிப் பேசவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் எனக்கு ஓர் அரைநாள் ஓய்வு கிடைத்தது. பயிற்சியாளராக இருந்த ஒரு பையன் என்னைக் கீழ்ச்சரிவுக்கு அழைத்துப் போய், கல் போன்ற அந்தக் காலணிகளை மாட்டிவிட்டு, பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, குதிகால்களை அகற்றி, முழங்காலை மடக்கி, உடம்பின் பாரத்தைக் கணைக்காலின் முன்பக்கத்தில் கொடு என்றான். பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் பலகை உருவிக்கொண்டு ஓடிவிடும். பேரருவியில் முதன்முறை என்னை நிறுத்தியபோது அப்பா சொன்னதும் கிட்டத்தட்ட அதுவேதான்: "தண்ணியப் பாத்துப் பின்னால போகாதே, குனிஞ்சு முதுகக் கொடு, அது உன்னைத் தாங்கிக்கும்." பத்துப் பதினைந்து முறை விழுந்த பிறகு, ஐம்பது அடி தூரம், விழாமல் சறுக்கி, என் விருப்பத்தின்படி நின்றேன். பலகைக்கு அடியில் பனி சர்ரென்று ஒலித்தது. அந்த ஐம்பது அடியை இன்றைக்கும் காலில் உணர்கிறேன்.

மார்ச் கடைசியில் கிளம்பினோம். காஷ்மீர் நண்பர் தங்மர்க் வரைக்கும் வந்து, ஒரு பை வாதுமைப் பருப்பும், அக்காவின் வீட்டுக்கென்று ஒரு கம்பளியும் கொடுத்தார். ஸ்ரீவைகுண்டத்து வெயிலில் அந்தக் கம்பளிக்கு வேலையில்லை என்று தெரிந்தும் அக்கா அதைப் புதிதாக வாங்கிய பீரோவில் முதல் தட்டில் வைத்திருக்கிறாள். இடைத்தரகரிடமிருந்து ஜனவரிச் சம்பளத்தில் பாதி வந்தது. கையில் நின்ற பணத்தை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கடை ஏலத்துக்குக் கட்டினார்.

மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அருவிகளில் தடை போட்டார்கள். நான் குல்மார்க்கின் அந்த 22 ஆம் தேதி இரவை அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு கேட்டார்: "அந்தப் பனி, சத்தமே இல்லாம விழும்னியே. வந்துட்டுன்னு அப்ப எப்படித்தாம்லே தெரியும்?" மற்ற சத்தமெல்லாம் நின்றுவிடும், அதை வைத்துத்தான் தெரியும் என்றேன். அதை அவர் நம்பியது போலத் தெரியவில்லை.

ஜூனில், கடையில் படுத்திருந்த ஒரு விடியற்காலையில் அப்பா என் தோளைத் தொட்டு எழுப்பினார். இருட்டு இன்னும் பிரியவில்லை. "கேக்காலே?" என்றார். கீற்றின் மேல், மணலை அள்ளி மெதுவாகத் தூவுவது போல ஒரு சத்தம். அதற்குப் பின்னால், தூரத்தில், ஐந்தருவியின் இரைச்சல் முந்தின நாளைவிடத் தடித்திருந்தது. அவர் எழுந்து வாசலில் போய் மேற்கே ஒருமுறை பார்த்தார். கவிழ்ந்து கிடந்த அண்டாவை நிமிர்த்தினார். பிறகு உள்ளே வந்து, வழக்கமான அளவுக்கு மேல் இன்னும் இரண்டு படி அரிசியை அளந்து ஊறப் போட்டார்.